மாட்டுக்குப் போட்ட ஊசி

எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் மாதம் ஒருமுறையாவது அந்தக் கழுகுக் கதை வந்துவிடும். நாற்பது வயதானதும் கழுகு மலையுச்சிக்குப் போகுமாம். பாறையில் மோதி அலகை உடைத்துக்கொள்ளுமாம். நகத்தையும் இறகையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஐந்து மாதம் காத்திருந்து, புதுப்பிறவி எடுத்து இன்னும் முப்பது வருடம் வாழுமாம். கீழே ஒரு 'வாழ்க வளமுடன்'. அலகு உடைந்த பறவை பட்டினியால் செத்துப்போகும் என்று இரண்டு முறை பதில் போட்டுப் பார்த்தேன். பெரியப்பா ஒருவர் மனம் வருந்தியதால் விட்டுவிட்டேன்.

போன வாரம் மறுபடியும் வந்தது. படத்தில் இருந்தது அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு. செத்த மாட்டைத் தின்கிற நம் ஊர்க் கழுகுக்கு நடந்த கதை அதைவிடப் பெரியது, அதில் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. குழுவில் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

அம்மாவின் ஊர் சத்தியமங்கலம் பக்கம். அப்புச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, எண்பது தாண்டிவிட்டது. அவருடைய இளவயதில் மாடு செத்தால் ஊருக்கு வெளியே பள்ளத்தோரம் இழுத்துப் போட்டுவிடுவார்களாம். "மத்தியானச் சோத்தைத் தின்னுட்டுப் போய்ப் பார்த்தா எலும்புதான் கெடக்கும் கண்ணு" என்பார். வானத்தில் ஒரு புள்ளிகூட இல்லாத நேரத்தில் முப்பது நாற்பது பறவைகள் எங்கிருந்து வந்து இறங்கும் என்பது அவருக்கு இன்றைக்கும் ஆச்சரியம். உண்மையில் அவை மேலே தனித்தனியாக வட்டமடித்துக்கொண்டு, கீழே தரையைப் பார்ப்பது போலவே பக்கத்தில் பறக்கும் பறவையையும் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்று இறங்கினால் அடுத்தது கவனிக்கும், அதைப் பார்த்து அதற்கடுத்தது. செய்தி வானத்திலேயே ஊர் தாண்டிப் போய்விடும்.

(அப்புச்சியின் கதையில் ஒன்று எப்போதும் விடுபட்டுப்போகும். செத்த மாட்டை இழுத்துப்போய்த் தோலுரிக்கும் வேலையை ஊர் ஒரு சாதியின் தலையில் கட்டி வைத்திருந்தது. பறவைகளைப் பற்றி விலாவாரியாகச் சொல்பவர் அந்த மனிதர்களைப் பற்றி வாய் திறக்கமாட்டார். அதனால் அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை.)

அந்தப் பறவையின் பெயர் பாறு. பருந்து, எருவை இவற்றோடு சங்கப் பாடல்களிலேயே இருக்கும் பெயர். நாம் அதைத் தொலைத்துவிட்டு 'பிணந்தின்னிக் கழுகு' என்று ஒரு வசவுப் பெயரை வைத்துக்கொண்டோம். தமிழ்நாட்டில் இன்று முக்கியமாக நான்கு வகைகளைப் பார்க்கலாம்: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு. கடைசியாகச் சொன்னதற்கு 'மஞ்சள் திருடி' என்றும் ஒரு பெயர் உண்டு. திருக்கழுக்குன்றத்தில் தினமும் உச்சி வேளையில் சோறு வாங்கித் தின்ன வந்த இரண்டு கழுகுகளும் இந்த வகைதான். 1990களின் கடைசியில் அவை வருவது நின்றுபோனது. சாபம், கலிகாலம் என்று அப்போது என்னென்னவோ சொன்னார்கள்.

1980களில் இந்தியாவில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99.9 சதவீதம் விழுந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. வேட்டையாடியவர் யாரும் இல்லை, காட்டுத்தீயும் இல்லை. ராஜஸ்தானின் பரத்பூரில் மரத்தில் உட்கார்ந்த பறவைகள் கழுத்தைத் தொங்கப் போட்டபடியே இருந்து பொத்தென்று விழுந்து செத்தன. ஏதோ வைரஸ் என்றுதான் முதலில் நினைத்தார்கள். காரணத்தைக் கண்டுபிடித்தது பாகிஸ்தானில் வேலை செய்த லிண்ட்சே ஓக்ஸ் என்ற விஞ்ஞானியின் குழு, 2004இல். செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தால் ஈரல், இதயம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைப் படிவம். சிறுநீரகம் வேலை செய்யாமல் போய் உடம்பில் தேங்கிய யூரிக் அமிலம் அது. சிறுநீரகத்தைக் கெடுத்தது டைக்ளோஃபெனாக். நீங்களும் நானும் முட்டிவலிக்குத் தடவுகிறோமே, அதே மருந்து.

1990களில் அதன் விலை மலிந்ததும் மாட்டுக்கும் போட ஆரம்பித்தார்கள். காய்ச்சலா, நொண்டுகிறதா, மடி வீங்கியதா, ஒரு ஊசி. மாட்டுக்கு நல்ல மருந்துதான். ஆனால் ஊசி போட்ட ஓரிரு நாளில் அந்த மாடு செத்து, அதைப் பாறு தின்றால், சில நாளில் பாறும் சாகும். எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. நூறு மாட்டுப் பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் அந்த மருந்து இருந்தாலே இவ்வளவு பெரிய அழிவுக்குப் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு மாட்டைச் சுற்றி ஐம்பது பறவை உட்காருமென்றால் வேறு எப்படி இருக்கும்?

இந்த இடத்தில் எனக்கு வைத்தீஸ்வரன் கோயில் ஞாபகம் வரும். புள்ளிருக்குவேளூர் என்ற பழைய பெயரில் உள்ள 'புள்' சடாயுதான். சீதைக்காக இறக்கை அறுபட்டு விழுந்த கழுகுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று சடாயு குண்டத்தைக் காட்டுவார்கள். அங்கே இருக்கும் சாமியோ வைத்தியநாதர், நோய் தீர்ப்பவர். கழுகும் மருந்தும் ஒரே கோயிலில். நாம் குண்டத்துச் சாம்பலை நெற்றியில் பூசிக்கொண்டு ஊருக்கு வந்து ஊசியைப் போட்டோம்.

சரி, எங்கள் வீட்டுப் பங்கு. 2022இல் அப்புச்சி வீட்டில் ஒரு கறவை மாட்டுக்கு மடிநோய். நல்ல காய்ச்சல், காலே ஊன்றவில்லை. ஊசி போட ஒருவர் வந்தார். நல்ல மனிதர், நடுராத்திரி கூப்பிட்டாலும் வருவார். அப்போது கட்டுத்தரையில் நான்தான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் மாடு செத்துவிட்டது. குழி தோண்ட ஜேசிபி மறுநாள்தான் கிடைத்தது, ஒரு ராத்திரி முழுக்க மாடு வேலியோரம் கிடந்தது. பாறு எதுவும் வரவில்லை. வருவதற்கு எங்கள் ஊர்ப் பக்கம் ஒன்றும் மிச்சமில்லை, நாய்கள்தான் வந்தன. சாணி கூட்டும்போது கிடைத்த காலி மருந்துக் குப்பியை எடுத்துப் படித்தேன். கீட்டோபுரோஃபென்.

அந்தப் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. டைக்ளோஃபெனாக்கை மாட்டுக்குப் போடக் கூடாது என்று 2006இல் இந்தியா தடை போட்டது. உடனே அதன் இடத்துக்கு வந்த மருந்துகளில் இதுவும் ஒன்று. இதுவும் பாறுகளைக் கொல்கிறது என்று 2010 வாக்கிலேயே ஆய்வு வந்துவிட்டது. 2021இல் வங்கதேசம் தடை செய்தது. நாம் தடை செய்தது 2023 ஜூலையில். ஆகவே எங்கள் வீட்டில் ஊசி போட்டவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. எனக்கு ஆத்திரம் வருவதும் அதனால்தான். யாரும் தப்பு செய்யாமலேயே ஒரு இனம் அழிய முடிகிறது.

வரிசையைப் பாருங்கள். டைக்ளோஃபெனாக் 2006. தடைக்குப் பிறகும் மனிதர்களுக்கான 30 மில்லி குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும், 30 மில்லி யாருக்கு என்று கேட்டு, அந்தக் குப்பியை நிறுத்த 2015 ஆனது. அசிக்ளோஃபெனாக் என்று ஒன்று, அது மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். அதற்குத் தடை 2023. நிமெசுலைடுக்கு 2024 டிசம்பர். ஒவ்வொரு மருந்தாகச் சந்தைக்கு வரும், பாறு தின்று சாகும், யாராவது பிணத்தை அறுத்துப் பார்ப்பார்கள், ஆய்வு வரும், வழக்கு நடக்கும், பத்து வருடம் கழித்து அரசாணை வரும். அதற்குள் அடுத்த மருந்து கடைக்கு வந்திருக்கும்.

நான் சொல்வது ஒன்றுதான். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். மாட்டுக்கான வலிநிவாரணி எதுவாக இருந்தாலும், பாறுக்குக் கெடுதல் இல்லை என்று நிரூபித்த பிறகுதான் கடைக்கு வர வேண்டும். நிரூபிக்கும் வேலை மருந்து தயாரிப்பவருடையது. பறவை செத்து நிரூபிக்கக் கூடாது. பாதுகாப்பான மருந்தே இல்லையென்றால் நான் இப்படிப் பேசமாட்டேன், பால் வியாபாரத்தை நம்பி இருக்கிற குடும்பம் எங்களுடையது. ஆனால் மெலாக்சிகாம் இருக்கிறது. டைக்ளோஃபெனாக் தடையான அதே 2006 முதல் அது பாறுக்குப் பாதுகாப்பானது என்று தெரியும். டோல்ஃபெனமிக் அமிலமும் அப்படித்தான்.

'பிணம் தின்கிற பறவை போனால் போகட்டுமே' என்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு கணக்கு. பாறுகள் நிறைய இருந்த மாவட்டங்களையும் முன்பிருந்தே இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2024இல் வெளியானது. 2000 முதல் 2005 வரை மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்தார்கள் என்கிறது அது. தின்ன ஆளில்லாமல் அழுகிய பிணங்கள், அதில் கெட்ட தண்ணீர், பெருகிய நாய்கள், வெறிநாய்க்கடி. பாறின் வயிற்று அமிலம் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமியையே கரைத்துவிடும், நாயின் வயிறு அப்படியில்லை. இந்தக் கணக்கைச் சொன்னால்தான் சிலர் காது கொடுக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். நமக்கு உபயோகமாக இருந்தால்தான் உயிரோடிருக்கலாம் என்றால் வீட்டில் முதலில் என்னைத்தான் கேள்வி கேட்பார்கள்.

மிச்சமிருப்பவை மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. நீலகிரிக்கும் சத்தியமங்கலம் மலைக்கும் நடுவில் ஓடிப் பவானிசாகருக்கு வருகிற ஆறு. கரையோரத்து நீர்மத்தி மரங்களில்தான் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன, வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. தெங்குமரஹாடா போகும் பஸ்ஸில் ஒருமுறை போனபோது பார்த்தேன். முதலில் இரண்டு, அப்புறம் ஐந்து, கடைசியில் எண்ண முடியாமல் விட்டுவிட்டேன். இறக்கையை அசைக்கவே இல்லை. திரும்பும்போது முதுகின் கீழ்ப்பக்கம் அந்த வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. பஸ்ஸில் வேறு யாரும் தலையைத் தூக்கவில்லை, அவர்களுக்குத் தினமும் பார்க்கிற பறவை. அதைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

2024 டிசம்பரில் தென்மாநிலங்கள் சேர்ந்து எடுத்த கணக்கில் 390 பாறுகள். தமிழ்நாட்டில் 157. முந்தின வருடக் கணக்கோடு ஒப்பிட்டு 'இரட்டிப்பானது' என்று செய்தி போட்டார்கள். வருடத்துக்கு ஒரு முட்டை இடுகிற பறவை ஒரே வருடத்தில் எப்படி இரட்டிப்பாகும்? முதுமலை, பந்திப்பூர், வயநாடு எல்லாம் அதற்கு ஒரே காடு, எண்ணுகிற அன்றைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததோ அந்த மாநிலத்தின் கணக்கு. மொத்த எண் ஏறுவது சந்தோஷம்தான். ஆனாலும் நம் மூன்று மாடிக் கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கு உட்காரும் கூட்டம் அது.

அந்தக் காடும் முன்பு போல இல்லை. உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் புல்வெளியை மூடிக்கொண்டே வருகின்றன. புதருக்குள் கிடக்கும் பிணம் மேலே பறக்கும் பாறின் கண்ணில் படாது. பட்டாலும் இத்தனை பெரிய இறக்கையோடு அங்கே இறங்க முடியாது. காட்டோரம் மாட்டுப்பட்டி போட்டவர்களும் குறைந்துவிட்டார்கள். இருக்கிறவர்களின் மாட்டைப் புலி அடித்துவிட்டால், இழப்பீட்டுக்கு அலைய முடியாத கோபத்தில் சிலர் பிணத்தில் விஷத்தை வைக்கிறார்கள். புலிக்கு வைத்ததைப் பாறும்தான் தின்கிறது. அந்த இழப்பீட்டை ஒரு வாரத்தில் கையில் கொடுத்தால் அதுவே பெரிய பாறுப் பாதுகாப்பு. காட்டில் செத்த யானையையோ மாட்டையோ பிரேதப் பரிசோதனை முடிந்ததும் புதைக்காமல் விடுகிற வழக்கம் வந்திருப்பது நல்ல மாற்றம்.

ஆனால் காட்டுக்குள் எவ்வளவு காவல் போட்டாலும் பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் பறந்து வெளியே வந்துவிடும். அதற்கு எல்லை போட முடியாது. ஆகவே இது முதுமலை வனச்சரகரின் பிரச்சினை மட்டுமில்லை, எங்கள் கட்டுத்தரையின் பிரச்சினையும்தான். இப்போது மாட்டுக்கு ஊசி என்றால் நான் குப்பியை வாங்கிப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். மெலாக்சிகாம் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். வேறு ஏதாவது போட்டு மாடு செத்துவிட்டால் ஆழமாகக் குழி வெட்டி அன்றைக்கே புதைத்துவிடுங்கள்.

இதை எல்லாம் சுருக்கி, மெலாக்சிகாம் பெட்டியின் படத்தோடு நேற்று சொந்தக்காரர்கள் குழுவிலும் போட்டேன். ஐந்தாறு கும்பிடு வந்தது. ஒரு அத்தை 'சூப்பர் கண்ணு' என்றார். ராத்திரி பத்து மணிக்கு, அந்த அலகு உடைக்கிற கதையைப் போட்ட பெரியப்பா தனியாக அனுப்பியிருந்தார்: "இது வெள்ளாட்டுக்கும் போடலாமா? எவ்வளவு மில்லி?"

காலையில் டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.