கடன் ஏறுவது யார் கணக்கில்?
கடன் வாங்கி நிறுவனத்தைக் கைப்பற்றுபவர் தன் சொத்தையே பணயம் வைக்கிறார், இத்தகைய கைப்பற்றலைக் காட்டும் திரைப்படங்களின் பதற்றமே அதுதான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அப்படியில்லை. 100 டாலர் விலையில் வாங்குபவரின் சொந்தப் பணம் 20 என்றால், மீதி 80 டாலர் கடன், விலைக்கு வாங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் கணக்கில்தான் ஏறும். 10 சதவீத வட்டியானால் ஆண்டுக்கு 8 டாலரை அந்த நிறுவனமே சம்பாதித்துக் கட்ட வேண்டும். நொடித்துப்போனால் வாங்கியவருக்கு நட்டம் அந்த 20 மட்டுமே. அதிலும் ஒரு பங்கை ஆலோசனைக் கட்டணம், சிறப்பு ஈவுத்தொகை என்று முன்பே எடுத்திருப்பார். ‘பார்பேரியன்ஸ் அட் த கேட்’ படத்தின் விறுவிறுப்பெல்லாம் ஆர்ஜேஆர் நபிஸ்கோ என்ற அமெரிக்க சிகரெட், உணவு நிறுவனத்தை வாங்க 1988-ல் நடந்த ஏலத்தில்தான். உண்மையான கொடுமை தொடங்குவது ஏலம் முடிந்த பிறகு. அமெரிக்கப் பொம்மைக் கடைச் சங்கிலியான டாய்ஸ் ஆர் அஸ் 2005-ல் இப்படித்தான் சுமார் 660 கோடி டாலருக்குக் கைமாறியது. அதன்பின் ஆண்டு வட்டியே ஏறத்தாழ 40 கோடி டாலர். கடைகளைப் புதுப்பிக்கவும் இணைய விற்பனையில் அமேசானோடு மோதவும் வேண்டிய பணம் வட்டியிலேயே கரைந்தது. 2017 செப்டம்பரில் திவால் மனு, மறு ஆண்டு அமெரிக்கக் கடைகள் மூடல். பணிநீக்க இழப்பீடு கிடைக்காத ஊழியர்கள் போராடிய பிறகே, அதை வாங்கியிருந்த முதலீட்டு நிறுவனங்களில் கேகேஆரும் பெயினும் 2 கோடி டாலர் நிதி ஒதுக்கின. இந்த வட்டிக் கணக்கை எந்தப் படமாவது ஒரு காட்சியிலாவது பொறுமையாக விளக்க வேண்டும்.