குடும்பம் சம்மதித்தது சரி, பாடியது யார்?

"குடும்பத்துல கேட்டுட்டுத்தானே பண்ணாங்க? காசும் குடுத்தாங்க. அப்புறம் உனக்கென்ன?"

இறந்துபோன பாடகர்களை ஏஐ வைத்துப் பாட வைக்கிறார்களே என்று எங்கே முணுமுணுத்தாலும் இந்தக் கேள்விதான் முதல் ஆளாக வந்து நிற்கிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் ரஹ்மான் வெறியர்கள், மீதிப் பேர் அனிருத் வெறியர்கள். இரண்டு பேர் பாட்டும் என் போனில் இருக்கிறது, அதனால் அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

2024 ஜனவரியில் ரஹ்மான் இசையமைத்த 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாட்டில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலும் ஏஐ மூலம் வந்தன. பாக்யா 2022 செப்டம்பரில் போய்ச் சேர்ந்தவர். சாகுல் ஹமீது 1997லேயே சாலை விபத்தில் இறந்தவர். அதே 2024ல் யுவன் இசையமைத்த 'கோட்' படத்தில் பவதாரிணி, அனிருத் இசையமைத்த 'வேட்டையன்' படத்து 'மனசிலாயோ'வில் மலேசியா வாசுதேவன். ஒரே வருடத்தில் நான்கு பேர். நான்கு பாடகர்களுக்கும் தமிழ்நாட்டில் தனி இடம் உண்டு என்பதால் எல்லாருக்கும் புல்லரித்தது. எனக்கும்தான்.

ரஹ்மானை ஒரு விஷயத்தில் பாராட்டியே ஆகவேண்டும். மறைக்கவில்லை. குடும்பங்களிடம் அனுமதி வாங்கினோம், உரிய ஊதியம் கொடுத்தோம் என்று அவரே சொன்னார். அதே சமயத்தில் தெலுங்கில் 'கீடா கோலா' படக்குழு எஸ்.பி.பி. குரலை வீட்டில் கேட்காமலே உருவாக்கிப் பயன்படுத்திவிட்டார்கள் என்று மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரஹ்மான் செய்தது எவ்வளவோ மேல். ஆனால் அங்கேயே விவாதம் முடிந்துவிட்டதாக நினைக்கிறோமே, அதில்தான் எனக்குச் சிக்கல்.

முதலில் ஒரு தொழில்நுட்ப விஷயம். ஏஐ பாடுகிறது என்றதும், கம்ப்யூட்டரில் வரிகளையும் மெட்டையும் கொடுத்தால் சாகுல் ஹமீது எழுந்து வந்து பாடிவிடுவார் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த மாதிரி வேலைகளுக்குப் பெரும்பாலும் பயன்படும் முறை வேறு. உயிரோடிருக்கும் ஒருவர் முழுப் பாட்டையும் பாடியாக வேண்டும். இறந்தவரின் பழைய பதிவுகளைக் கொண்டு பழக்கிய மென்பொருள், பாடியவரின் குரல் நிறத்தை, அதாவது கேட்டதும் இன்னார் குரல் என்று காட்டிக்கொடுக்கும் தன்மையை, மட்டும் எடுத்துவிட்டு இறந்தவரின் நிறத்தைப் பூசுகிறது. எங்கே மூச்சு விடுவது, எந்த எழுத்தை அழுத்துவது, சங்கதியை எங்கே வளைப்பது, எங்கே சும்மா விட்டுவிடுவது, இதெல்லாம் அந்த உயிருள்ள ஆள் எடுத்த முடிவுகள்.

நம் சினிமாவில் டிராக் பாடுவது என்று ஒரு வேலை காலங்காலமாக இருக்கிறது. பெரிய பாடகர் வருவதற்கு முன் ஒரு இளம் பாடகர் வந்து முழுசாகப் பாடிக் கொடுப்பார். பெரியவர் வந்து அதைக் கேட்டுப் பாடிப் பதிவு செய்ததும் டிராக் அழிந்துவிடும். சில சமயம் டிராக்கே நன்றாக இருக்கிறது என்று அதையே வைத்துக்கொள்வார்கள். அப்படித்தான் சிலருக்கு வாழ்க்கையே கிடைத்தது. இப்போது நடப்பதில் டிராக் அழிவதில்லை, மேலே ஒரு பூச்சோடு அதுவேதான் பாட்டாக வெளிவருகிறது. ஆனால் கைதட்டல் முழுக்கப் பூச்சுக்குப் போகிறது. 'மனசிலாயோ'வில் வாசுதேவனின் மகன் யுகேந்திரன் பெயரும் பாடகர் பட்டியலில் வந்தது. அது சரியான முறை. இருந்தும் ஊர் முழுக்கப் பேச்சு "மலேசியா வாசுதேவன் திரும்பி வந்துட்டார்" என்றுதான். மகன் அங்கேயே நிற்கிறார், யாரும் பார்க்கவில்லை.

'திருடா திருடா'வில் சாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி'யைக் கேட்டுப் பாருங்கள். வாத்தியமே கிடையாது என்று சொல்லிவிடலாம், குரல்களை மட்டும் நம்பிய பாட்டு. அதில் நம்மை உலுக்குவது வெறும் நிறம் என்றா நினைக்கிறீர்கள்? அந்த மனிதர் அந்த வரியை எப்படிப் புரிந்துகொண்டார் என்பதுதான் உலுக்குகிறது. அதை மென்பொருளுக்குப் பழக்க முடியாது, வாரிசுகளும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியாது.

'கோட்' படத்தில் தன் அக்கா பவதாரிணியைப் பாட வைத்த யுவன் விஷயத்தில் மட்டும் என்னால் கறாராக இருக்க முடியவில்லை. அந்த மெட்டைப் போடும்போதே அக்கா குணமாகி வந்ததும் பாட வைக்கலாம் என்று நினைத்திருந்ததாக அவர் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மரணச் செய்தி வந்தது. தம்பி அக்காவுக்குச் செய்ததை வைத்து நான் தத்துவம் பேசப் போவதில்லை. விட்டுவிடுகிறேன்.

இப்போது சட்டம். குடும்பம் அனுமதி தரலாம் என்கிறோமே, சட்டப்படி அது குடும்பத்தின் கையில் இருக்கிறதா? ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அண்ணன் மகள் தீபா வழக்குப் போட்டது நினைவிருக்கும். 2021ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொன்னது: ஒருவர் வாழ்நாளில் சம்பாதித்த புகழும் அந்தரங்க உரிமையும் அவரோடு முடிந்துபோகும், வீடு நிலம் மாதிரி வாரிசுக்கு வராது. 2023ல் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தை போட்ட வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. உயிரோடிருப்பவர்கள் கதை வேறு. அனில் கபூர் டெல்லியில் தடை வாங்கினார், அரிஜித் சிங் தன் குரலை ஏஐயில் போலி செய்வதற்கு எதிராக 2024ல் மும்பையில் தடை வாங்கினார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பதிவான பாட்டைக் காப்பாற்றும், தொண்டையின் நிறத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஆக, குடும்பத்திடம் போய்க் கேட்பது நம் பக்கத்து மரியாதை, அவ்வளவுதான். நல்ல மரியாதைதான், இருக்கட்டும். ஆனால் செத்தவரின் சம்மதம் என்று அதை யாரும் என்னிடம் விற்கவேண்டாம்.

பாட்டோடு போயிருந்தால் நான் இவ்வளவு தூரம் எழுதியிருக்கவே மாட்டேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அரசியலில்.

2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் புத்தக வெளியீட்டு விழாவில் திரையில் கலைஞர் தோன்றினார். கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் துண்டு எல்லாம் இருந்தது. எட்டு நிமிடம் பேசினார், பாலுவை வாழ்த்தினார், ஸ்டாலின் தலைமையைப் பாராட்டினார். கலைஞர் இறந்தது 2018 ஆகஸ்டில். ஸ்டாலின் முதல்வரானது 2021ல். தான் பார்க்கவே இல்லாத ஓர் ஆட்சிக்கு அந்த மனிதர் நற்சான்று கொடுத்துவிட்டுப் போனார். அவர் யார்? முரசொலியில் உடன்பிறப்புக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளியவர், வசனத்துக்காகவே பெயர் வாங்கியவர். வாழ்நாளெல்லாம் தன் வார்த்தையைத் தானே எழுதிய மனிதருக்கு இறந்தபிறகு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதியவர் யார் என்று அரங்கில் ஒருவராவது கேட்டிருப்பாரா?

அடுத்த மாதமே அதிமுக. பிப்ரவரி 24, அம்மாவின் பிறந்தநாள். அம்மாவின் குரலில் ஓர் ஒலிப்பதிவை வெளியிட்டார்கள். திமுக ஆட்சியைத் திட்டிவிட்டு, எடப்பாடி பழனிசாமியின் கரத்தை வலுப்படுத்தச் சொன்னது அந்தக் குரல்.

இதைக் கேட்டுவிட்டு நான் கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஜெயலலிதா 2016 டிசம்பர் 5ஆம் தேதி இறந்தபோது இன்னார்தான் என் வாரிசு என்று வெளிப்படையாக யாரையும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அதன்பின் தமிழ்நாட்டு அரசியலில் சில வருடங்களுக்கு ஓடிய மொத்தக் கதையும் அந்த ஒரு மௌனத்தின் மேல்தான் ஓடியது. 2017 பிப்ரவரியில் ஓ.பன்னீர்செல்வம் மெரினா நினைவிடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தார். எழுந்ததும் அம்மாவின் ஆன்மாதான் உண்மையைச் சொல்லச் சொன்னது என்றார். எட்டு நாள் கழித்து, சிறைக்குப் போகும் வழியில் சசிகலா அதே நினைவிடத்தில் மூன்று முறை கையால் ஓங்கி அடித்துச் சபதம் எடுத்தார். பிறகு பன்னீர்செல்வமும் பழனிசாமியும் இணைந்தார்கள், அம்மாதான் நிரந்தரப் பொதுச்செயலாளர் என்று தீர்மானம் போட்டார்கள், 2022ல் மறுபடி உடைந்தார்கள், பன்னீர்செல்வத்தைக் கட்சியை விட்டே நீக்கினார்கள், தேர்தல் ஆணையம், கோர்ட்டு என்று அலைந்தார்கள். இத்தனை பேர் இத்தனை வருடம் அடித்துக்கொண்டதெல்லாம் அந்த அம்மாள் வாய்திறந்து சொல்லாத ஒரே பெயருக்காக. அந்த இடத்தை ஒரு மென்பொருள் வந்து நிரப்பிவிட்டது, அதுவும் போட்டியில் ஜெயித்தவருக்குச் சாதகமாக. தோற்றவர்களிடமும் பழைய ஒலிப்பதிவுகள் இருக்கும்தானே? நாளைக்கு அவர்களும் ஓர் அம்மாவைப் பேச வைத்தால் எந்த அம்மா உண்மையான அம்மா?

உடனே ஒருவர் வருவார். "எம்ஜிஆர் வேஷம் போட்டுக்கிட்டு கூட்டத்துக்குக் கூட்டம் ஆடுறாங்களே, மிமிக்ரி பண்றாங்களே, அது மட்டும் சரியா?" சரிதான். தொப்பியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வேனில் நிற்பவர் எம்ஜிஆர் இல்லை என்று கூட்டத்தில் உள்ள குழந்தைக்கும் தெரியும். நன்றாகச் செய்தால் கைதட்டு அவருக்கு, சொதப்பினால் கிண்டலும் அவருக்கு. பொறுப்பேற்க மேடையில் ஓர் ஆள் நிற்கிறார். ஏஐ பேச்சில் அந்த ஆளைத்தான் காணவில்லை.

எம்ஜிஆர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 1967 ஜனவரியில் எம்.ஆர்.ராதா சுட்டதில் அவர் குரல் மாறிப்போனது. அந்த மாறிய குரலிலேயே நடித்தார், மேடையில் பேசினார், 1977ல் முதலமைச்சரும் ஆனார். ஜனங்கள் அந்தக் குரலையும் சேர்த்துத்தான் கொண்டாடினார்கள். இன்றைக்கு யாராவது ஏஐயில் எம்ஜிஆரைப் பேச வைத்தால் எந்தக் குரலை எடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? நான் பந்தயம் கட்டுகிறேன், குண்டு பாய்வதற்கு முந்தைய குரலை. கேட்க நன்றாக இருக்கும், அந்த மனிதர் பட்டது எதுவும் அதில் இருக்காது.

சினிமாவும் அரசியலும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டது 'கோட்' படத்தில். விஜயகாந்த் இறந்தது 2023 டிசம்பர் 28. விஜய் தமிழக வெற்றிக் கழகத்தை அறிவித்தது 2024 பிப்ரவரி 2. படம் வந்தது செப்டம்பர் 5, அதில் விஜயகாந்தின் முகம் ஏஐ மூலம் வருகிறது. பிரேமலதாவிடம் முறையாகக் கேட்டுத்தான் செய்தார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் விஜயகாந்த் 2005ல் தேமுதிகவைத் தொடங்கிய கட்சித் தலைவரும்தானே. ஒரு கட்சியைத் தொடங்கிவிட்ட நடிகரின் படத்தில், இன்னொரு கட்சியை நிறுவி மறைந்த தலைவரின் முகம். தியேட்டரில் விசில் அடித்த நமக்கு அது வெறும் நன்றிக்கடன். ஓட்டுக் கணக்குப் போடுகிறவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமா?

லேபிள் ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்கிறார்கள். 2025 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதியில், செயற்கையாக உருவாக்கியது என்ற அறிவிப்பு காட்சிப் பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு இருக்கவேண்டும் என்று இருந்தது. லேபிள் பார்ப்பவரை ஏமாற்றாமல் இருக்க உதவும். ஆனால் கலைஞர் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் ஏமாறவில்லையே. அவர் இல்லை என்று தெரிந்தேதான் கைதட்டினார்கள். அங்கே ஏமாற்றப்பட்டவர் பேச்சுக்குச் சொந்தக்காரராகக் காட்டப்பட்ட அந்த மனிதர் மட்டுமே.

என்னைக் கேட்டால் உயிரோடிருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பாடவரும்போது போடும் ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்க்கட்டும்: என் காலத்துக்குப் பிறகு என் குரலை இன்னின்னதற்குப் பயன்படுத்தலாம், இன்னின்னதற்குக் கூடாது. எழுதவில்லை என்றால் கூடாது என்றே பொருள். கலிபோர்னியாவில் 2024ல் கொண்டுவந்த சட்டங்களில் ஒன்று இதற்குப் பக்கத்தில் வருகிறது: டிஜிட்டல் நகலை எதற்குப் பயன்படுத்துவோம் என்று தெளிவாகச் சொல்லாமல், நடிகருக்கு வக்கீலோ சங்கமோ துணை இல்லாமல் வாங்கிய ஒப்பந்த வரி செல்லாது. ஹாலிவுட் நடிகர்கள் 2023ல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததில் இந்தப் பயமும் ஒரு காரணம். நம் ஊரில் 2017ல் இளையராஜா எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பியபோது பாட்டு யாருக்குச் சொந்தம் என்று எப்படி அடித்துக்கொண்டோம்! தொண்டை யாருக்குச் சொந்தம் என்பதற்கு அதில் கால்வாசி சத்தம் கூட இல்லை.

உயிரோடிருந்து கத்தினாலும் எடுபடாது என்பதும் நடந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் 'அம்பிகாபதி'யை ஏஐ கொண்டு முடிவை மாற்றி மறுவெளியீடு செய்தார்கள். இயக்குநர் எதிர்த்தார், தனுஷ் எதிர்த்தார், 12 வருடத்துக்கு முன்பு தான் ஒப்புக்கொண்ட படம் இதில்லை என்றார். உரிமை நிறுவனத்திடம் இருந்தது, படம் ஓடியது. உயிருள்ள தனுஷுக்கே இந்த கதி என்றால் பம்பா பாக்யாவுக்காக எந்தக் கோர்ட்டில் யார் போய் நிற்பது?

இறந்தவரின் குரலைக் காக்கும் சட்டம் வருகிறபோது வரட்டும். அதுவரை செலவே இல்லாத ஒன்றைச் செய்யலாம். பாட்டு என்றால் அடியில் நிஜமாகப் பாடியவர் பெயரை முதலில் போடுங்கள். பேச்சு என்றால் எழுதிக்கொடுத்தவர் அதே மேடையில் ஏறி, இது நான் எழுதியது என்று சொல்லட்டும். கலைஞருக்கும் அம்மாவுக்கும் வசனம் எழுதுகிற துணிச்சல் இருக்கிறவர்களுக்குத் தன் பெயரைச் சொல்ல என்ன கூச்சம்?