பால் வில்லியம்ஸின் வரைபடங்கள் எரிந்துபோகவில்லை

அமெரிக்காவின் கறுப்பினக் கட்டடக் கலைஞர் பால் ஆர். வில்லியம்ஸைப் பற்றி ஒரு நண்பர் தன் பதிவில், "பால் ஆர். வில்லியம்ஸின் வரைபடங்கள் எல்லாம் 1992 லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தில் சாம்பலாகிவிட்டன, இனி அவரைப் பற்றி ஆராய எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறார். இது பல வருடங்களாகச் சுற்றிவரும் தவறான செய்தி. அன்று எரிந்தது பிராட்வே ஃபெடரல் வங்கிக் கட்டடம். அங்கே வைத்திருந்த அவருடைய அலுவலகப் பதிவுகள் போய்விட்டன, அது உண்மை. ஆனால் வரைபடங்களில் பெரும்பகுதி வேறிடத்தில் பத்திரமாக இருந்தது. பேத்தி கேரன் ஹட்சன் அதைப் பல காலம் காப்பாற்றி வைத்திருந்தார். 2020-இல் கெட்டி (Getty) கலை ஆய்வு நிறுவனமும் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து அந்தத் தொகுப்பை வாங்கின. அசல் வரைபடங்கள் மட்டுமே சுமார் 10,000.

"சினிமா நட்சத்திரங்களுக்கு வீடு கட்டியவர்" என்று அவரைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் வரியும் பாதி உண்மைதான். வெள்ளையர் வாடிக்கையாளர்கள் பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள் என்று, எதிரில் இருப்பவருக்கு நேராகத் தெரியும்படி தலைகீழாக வரையப் பழகியவர் அவர். நினைத்தாலே மனசு கனக்கிறது. அதே கைதான் 1926-இல் கறுப்பின இளைஞர்களுக்காக லாஸ் ஏஞ்சலஸில் 28-ஆம் தெரு ஒய்.எம்.சி.ஏ. (இளைஞர் சங்கம்) கட்டடத்தை வரைந்தது. முகப்பில் கறுப்பினத் தலைவர்களான ஃபிரெடரிக் டக்ளஸ், புக்கர் டி. வாஷிங்டன் முகங்கள் செதுக்கப்பட்டிருக்கும். கறுப்பினத்தவரே நடத்திய கோல்டன் ஸ்டேட் மியூச்சுவல் காப்பீட்டு நிறுவனத்தின் 1949 தலைமையகமும் அவருடையதே. மெம்ஃபிஸ் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கட்டணம் வாங்காமலே வடிவமைத்துக் கொடுத்தார்.

நண்பர் அந்தப் பதிவைத் திருத்தினால் நல்லது. படிக்கும் மாணவர்கள் அதை நம்பித் தேடாமலே விட்டுவிடுவார்கள்.