500 மீட்டருக்குள் இருந்தால் வீடு இடிபடுமா?

"கடலிலிருந்து 500 மீட்டருக்குள் உள்ள வீடுகளையெல்லாம் புதிய கடற்கரைச் சட்டப்படி இடிக்கப் போகிறார்கள்." இப்படி ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது பொய். இதை நம்பி யாரும் அவசரப்பட்டு மனையை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டாம்.

500 மீட்டர் என்பது கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தின், அதாவது கட்டுமானங்களுக்குக் கட்டுப்பாடுகள் உள்ள கடலோரப் பகுதியின் எல்லை. உயர் அலைக் கோட்டிலிருந்து (ஓதம் ஏறும்போது கடல்நீர் எட்டும் கோடு) நிலப்பக்கமாக அளக்கிறார்கள். மத்திய அரசின் 1991 அறிவிக்கையிலேயே அது உண்டு. 2019 அறிவிக்கை சில இடங்களில் பிடியைத் தளர்த்தவே செய்தது: ஊரகப் பகுதியில் 200 மீட்டராக இருந்த கட்டுமானத் தடை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களில் 50 மீட்டர் ஆனது. (மீனவர் நலன் கருதி அதைக் கண்டித்தவர்களும் உண்டு, அந்தக் கவலை நியாயமானது.)

தடைப் பகுதிக்குள்ளும், முறையான அனுமதியுடன் கட்டிய பழைய வீட்டைப் பழுதுபார்க்கலாம். பரப்பைக் கூட்டாமல் திரும்பவும் கட்டலாம். உப்புக்காற்றில் காரை உதிர்ந்து, துருவேறிய கம்பி பல்லிளிக்கும் கூரையோடு ஒரு குடும்பம் பயந்துகொண்டே படுக்க வேண்டியதில்லை.

அச்சத்துக்குக் காரணம் கொச்சியின் மரடு. 2020 ஜனவரியில் நான்கு அடுக்குமாடி வளாகங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அவை மண்டல அனுமதி பெறாமலே கட்டப்பட்டவை என்பதால் உச்ச நீதிமன்றம் அப்படி உத்தரவிட்டது. அந்தப் பதிவு இதைச் சொல்லவில்லை.

மண்டல எல்லை குறித்து ஆட்சேபம் இருந்தால், அதை வரைபடமாகக் காட்டும் வரைவுக் கடற்கரை மேலாண்மைத் திட்டத்தின்மீது கருத்துக் கேட்கும்போது, சர்வே எண்ணோடு எழுத்தில் கொடுங்கள்.