டீக் ஸ்லேட்டனை ‘விடாமுயற்சி’ கதையாகச் சுருக்காதீர்கள்

அமெரிக்க விண்வெளி வீரர் டீக் ஸ்லேட்டனைப் பற்றித் தமிழில் எப்போதாவது ஒரு பதிவு கண்ணில் படும். இதயக் கோளாறென்று ஒதுக்கப்பட்டவர், 13 ஆண்டுகள் காத்திருந்து, 51 வயதில் விண்வெளிக்குப் போனார், ஆகவே நீங்களும் மனம் தளராதீர்கள் என்று முடியும். தகவல் சரிதான். ஆனால் அந்த 13 ஆண்டுகளில் மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்? அதை ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அவர் வாழ்க்கையின் கனமே அங்கேதான் இருக்கிறது.

முதலில் போர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஸ்பார்ட்டா என்ற ஊரில் 1924-இல் பிறந்த விவசாயி வீட்டுப் பிள்ளை. ஐந்து வயதில் புல் வெட்டும் இயந்திரத்தில் இடது கை மோதிர விரல் போய்விட்டது. அதோடுதான் 1942-இல் ராணுவ விமானப் படையில் சேர்ந்தார். பி-25 என்ற இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தில் ஐரோப்பாவில் 56 தாக்குதல்கள், கடைசியில் ஏ-26 விமானத்தில் ஜப்பான் மீது 7.

அவர் பறந்த 340-ஆவது குழு 1944 மார்ச்சில் இத்தாலியில் வெசுவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் முகாமிட்டிருந்தது. எரிமலை வெடித்தது. சுடுசாம்பலும் கல்லும் கொட்டியதில் இறக்கைகளின் அசையும் பகுதிகளைப் போர்த்தியிருந்த துணி கருகியது, கண்ணாடிக் கூண்டுகள் பாழாயின. 70-க்கும் மேற்பட்ட விமானங்கள் எதிரியின் ஒரு குண்டுகூடப் படாமல் உதவாமல் போயின. விமானம் என்பது எந்தப் பொருளால் ஆனது, எந்தச் சூட்டில் எது முதலில் போகும் என்பதை இதைவிடக் கொடூரமாக யாரும் பாடம் நடத்தியிருக்க முடியாது.

குண்டு போட்டவரை ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். அந்தக் குண்டுகளுக்குக் கீழே பாலமும் ரயில் பாதையும் மட்டும் இருக்கவில்லை, மனிதர்களும் இருந்தார்கள். அந்த 63 பறப்புகளுக்காக நான் இதை எழுதவில்லை. போர் முடிந்த பிறகு அவர் எடுத்த முடிவுக்காக எழுதுகிறேன்.

பதக்கத்தை மாட்டிக்கொண்டு பழம்பெருமை பேசி வாழ்ந்திருக்கலாம். அவர் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் போய், பள்ளி முடித்து நேராக வந்த பையன்களோடு வகுப்பில் உட்கார்ந்தார். 1949-இல் விமானப் பொறியியல் பட்டம். பிறகு சியாட்டிலில் போயிங் நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் பொறியாளர் வேலை. உயிரைப் பணயம் வைத்து ஓட்டிய இயந்திரம் ஏன் பறக்கிறது, எப்போது பறக்காது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் என்றே அவரை நான் புரிந்துகொள்கிறேன். கொரியப் போர்க் காலத்தில் திரும்பவும் அழைக்கப்பட்டார், சோதனை விமானியானார். 1959 ஏப்ரலில் அமெரிக்காவின் முதல் ஏழு விண்வெளி வீரர்களில் ஒருவராக அறிவிக்கப்பட்டார்.

அந்த ஏழு பேரும் ஆளுக்கொரு தொழில்நுட்பப் பகுதியைப் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். ஸ்லேட்டனுக்கு வந்தது, அவர்களைச் சுற்றுப்பாதைக்கு ஏற்றிப்போக வேண்டிய அட்லஸ் ராக்கெட். அது அப்போது சோதனைகளில் வெடித்துக்கொண்டிருந்த காலம். குரங்கே போய்வரக்கூடிய கலத்தில் விமானி எதற்கு என்று ராணுவத்திலும் பொறியாளர்களிடையிலும் பேச்சு இருந்தது. அதே ஆண்டு சோதனை விமானிகள் சங்கக் கூட்டத்தில் ஸ்லேட்டன் எழுந்து அதற்கு நேரடியாகப் பதில் சொன்னார். பொறியியல் தெரிந்த விமானி உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் வாதம். பின்னாளில் கலத்தைக் கையால் ஓட்டித் தரையிறக்க வேண்டிவந்த ஒவ்வொரு தடவையும் அந்த வாதம் சரியென்று ஆனது.

1962 மார்ச்சில் அடி விழுந்தது. இதயத் துடிப்பு அவ்வப்போது தாளம் தப்புகிறது என்று சுழல் இயந்திரப் பயிற்சியின்போதே, 1959-இல், கண்டுபிடித்திருந்தார்கள். பரிசோதித்த மருத்துவர்களில் இவர் பறக்கலாம் என்றவர்களும் உண்டு. இந்தக் குறை இல்லாத ஆட்கள் இருக்கும்போது இவரை ஏன் அனுப்ப வேண்டும் என்ற வாதம்தான் வென்றது. இரண்டே மாதத்தில் அவர் பறக்க வேண்டிய பயணத்தில் ஸ்காட் கார்ப்பென்டர் பறந்தார்.

இதற்குப் பிறகு அவர் வேலையை விடவில்லை. அதே ஆண்டு விண்வெளி வீரர்களின் ஒருங்கிணைப்பாளரானார், பிறகு பறக்கும் குழுக்கள் மொத்தத்துக்கும் இயக்குநர். எந்தப் பயணத்தில் யார் யார் போவது என்று முன்மொழிந்தவர் இவர்தான். ஒரு பயணத்துக்கு மாற்றுக் குழுவாக இருப்பவர்கள், இரண்டு பயணங்களை விட்டு மூன்றாவதில் பறப்பார்கள் என்ற முறையை வைத்து நடத்தினார். தனக்குக் கிடைக்காத இருக்கையைப் பயணத்துக்குப் பயணம் வேறொருவருக்கு ஒதுக்கிக் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். எனக்கு அந்த மனது வராது.

1967 ஜனவரி 27 அன்று, நிலவுத் திட்டத்தின் அப்பல்லோ 1 கலம் தரைச் சோதனையில் தீப்பிடித்தபோது ஏவுதளப் பாதுகாப்பறையில் இருந்தார். உள்ளே இறந்துபோன கிரிஸ்ஸம், வைட், சாஃபி மூவரும் அவர் தேர்ந்தெடுத்தவர்கள். அவர்கள் ஸ்லேட்டனுக்குக் கொடுக்கவென்று வைரம் பதித்த விண்வெளி வீரர் சின்னம் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். பறக்காதவருக்குத் தங்கச் சின்னம் கிடையாது என்பதால், அவருக்கென்றே தனியாகச் செய்தது. கணவர்களை இழந்த அந்தப் பெண்கள் அதை அவரிடம் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஆம்ஸ்ட்ராங் அதை நிலவுக்கு எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். கூட வேலை பார்த்தவர்கள் ஒருவரை எப்படி மதித்தார்கள் என்று காட்ட இதற்கு மேல் ஒரு சான்று எனக்குத் தேவையில்லை.

அதற்காக அவர் முடிவுகள் எல்லாம் நியாயமானவை என்று சொல்ல மாட்டேன். அப்பல்லோ 10-இன் மாற்றுத் தளபதி கார்டன் கூப்பர். முறைப்படி அடுத்த இடம் அவருக்கு வந்திருக்க வேண்டும். காது நோயால் ஆண்டுக்கணக்கில் ஒதுக்கப்பட்டு, அறுவை சிகிச்சைக்குப் பின் திரும்பிய ஆலன் ஷெப்பர்டுக்கு அதைக் கொடுத்தார் ஸ்லேட்டன். ஷெப்பர்டு அப்பல்லோ 14-இல் நிலவில் நடந்தார், கூப்பர் பிறகு பறக்கவே இல்லை. கூப்பர் பயிற்சியில் அசட்டையாக இருந்தார் என்று காரணம் சொல்வார்கள். இருக்கலாம். ஆனாலும் தன்னைப் போலவே நோயால் தரையில் கட்டப்பட்ட நண்பர் என்ற பாசம் அந்தத் தராசில் ஏறியிருந்தது என்றே நினைக்கிறேன். விஞ்ஞானிகளுக்கு இடம் கொடுப்பதிலும் அவர் கை தாராளமாக இல்லை.

1972 மார்ச்சில் பறக்கும் தகுதி திரும்பக் கிடைத்தது. 1975 ஜூலையில் ஸ்டாஃபர்டு, பிராண்டு ஆகியோருடன் அப்பல்லோ-சோயுஸ் பயணம்; அமெரிக்கக் கலமும் சோவியத் கலமும் விண்வெளியில் இணைந்த பயணம் அது. இங்கேயும் அவருக்கு வந்தது அசல் பொறியாளர் வேலை. அப்பல்லோவுக்குள் குறைந்த அழுத்தத்தில் வெறும் ஆக்சிஜன், சோவியத் கலத்தில் நைட்ரஜன் கலந்த காற்று, அழுத்தமும் அதிகம். அங்கிருந்து இங்கே சட்டென்று வந்தால், காற்றுக் கலனோடு ஆழ்கடலில் மூழ்கி வேகமாக மேலேறுபவருக்கு ஆவது போல ரத்தத்தில் குமிழி கட்டும். அதனால் நடுவே சுமார் 3 மீட்டர் நீளத்தில் ஓர் உருளை அறை வைத்தார்கள். ஒரு பக்கக் கதவை அடைத்து, காற்றை மாற்றி, அழுத்தத்தைச் சரிசெய்து, பிறகுதான் மறுபக்கக் கதவு திறக்கும். அந்த அறைக்குப் பொறுப்பு ஸ்லேட்டன். ரஷ்ய மொழியும் கற்றுக்கொண்டார், ஐம்பதை நெருங்கிய வயதில்.

தரையிறங்கும்போது நச்சுவாயு கலத்துக்குள் புகுந்து மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்தப் பரிசோதனையில் ஸ்லேட்டனின் நுரையீரலில் ஒரு கட்டி தெரிந்தது. தீங்கில்லாத கட்டிதான். பறப்பதற்கு முன் கண்ணில் பட்டிருந்தால் மறுபடியும் நிறுத்தியிருப்பார்கள்.

அதோடு அவர் ஓய்வுக்குப் போயிருக்கலாம். 1977-இல் எண்டர்பிரைஸ் விண்ணோடத்தை போயிங் 747-இன் முதுகிலிருந்து விடுவித்துத் தரையிறக்கிய சோதனைகளை நிர்வகித்தார். 1982-இல் நாசாவை விட்டு ஹூஸ்டனில் ஒரு சிறு தனியார் ராக்கெட் நிறுவனத்துக்குத் தலைவரானார். அந்தச் செப்டம்பரிலேயே டெக்சாஸின் மாட்டகோர்டா தீவிலிருந்து அவர்களின் கோனஸ்டோகா ராக்கெட் 300 கி.மீ.க்கு மேல் போய், தனியார் பணத்தில் விண்வெளியைத் தொட்ட முதல் ராக்கெட் ஆனது. அதன் எஞ்சின் மினிட்மேன் அணு ஏவுகணையில் மிச்சமானது. 1993-இல் மூளைக் கட்டியால் இறந்தார். இன்றைய தனியார் ராக்கெட்டுகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் ஒருமுறையாவது இந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.