திரும்பி வந்தது நான் அனுப்பிய டிஸ்க் இல்லை

ஆன்லைனில் நான் விற்ற ஒரு ஹார்ட் டிஸ்க் போன மாதம் ரிட்டர்ன் வந்தது. காரணம் ‘வேலை செய்யவில்லை’. பெட்டி என்னுடையது, உறை என்னுடையது, லேபிளில் இருந்த சீரியல் எண்ணும் நான் அனுப்பியதேதான். ஆனால் லேபிளின் ஒரு மூலை லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் நெருடிப் பார்த்தேன். அடியில் பழைய பசை, அதில் அப்பிய தூசி. கம்ப்யூட்டரில் மாட்டி, டிஸ்க்கின் விவரங்களைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தால் உள்ளே வேறு சீரியல் எண். ஓடிய நேரம் 31,000 மணிக்கு மேல். ஒரு வருஷத்துக்கு மொத்தமே 8,760 மணி நேரம்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றரை வருஷம் நிற்காமல் ஓடிய டிஸ்க் அது. நான் சீல் பிரிக்காத புதுசை அனுப்பி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

யாரோ பொறுமையாக என் லேபிளை உரித்து, தன் பழைய டிஸ்க்கில் ஒட்டி அனுப்பியிருக்கிறார். நான் பெட்டியைப் பிரிப்பதற்கு முந்தைய நாளே பணம் அவருக்குப் போய்விட்டது.

எனக்கு உறுத்துவது அதுதான். ஏமாற்றுகிறவர்கள் எங்கேயும் இருப்பார்கள், விடுங்கள். ஆனால் பல தளங்களில், விற்றவர் பெட்டியைத் திறந்து பார்க்கும் வரை ரீஃபண்ட் காத்திருப்பதில்லை. கூரியர் ஆள் பார்கோடை ஸ்கேன் செய்ததும் கிளம்பிவிடுகிறது. உள்ளே டிஸ்க் இருக்கிறதா செங்கல் இருக்கிறதா என்று அந்த ஸ்கேனருக்கு என்ன தெரியும்? வாங்கியவருக்குப் பணம் சீக்கிரம் கிடைக்கட்டும், நல்லதுதான். அதற்கு ஆகும் நஷ்டத்தை விற்றவர் தலையில் மட்டும் கட்டுவது என்ன நியாயம்? பொருள் கைக்கு வந்து இரண்டு நாள் சரிபார்க்க அவகாசம் கொடுத்தால் யார் குடியும் முழுகாது.

துணி விற்பவர்களுக்கு வேறு கதை. விசேஷத்துக்கு உடுத்திவிட்டு, டேக் அறுபடாமல் திருப்பி அனுப்புவார்கள், கழுத்துப் பட்டையில் வியர்வைக் கறையோடு. சிலர் ரிட்டர்ன் பக்கமே வருவதில்லை. பொருளை வைத்துக்கொண்டு நேரே வங்கியில் புகார் கொடுத்துக் கார்டு பணத்தைத் திரும்ப வாங்கிவிடுகிறார்கள்.

முதன்முதலில் இப்படி ஏமாந்தபோது நான் தளத்துக்குப் பக்கம் பக்கமாகப் புலம்பி எழுதினேன். அதோடு முறையீட்டில் ‘பொருள் சேதமடைந்து வந்தது’ என்ற காரணத்தைத் தேர்வு செய்துவிட்டேன். பெரிய தப்பு. சேதம் என்று சொன்னால், வந்தது என் பொருள்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது. ‘வேறு பொருள் வந்திருக்கிறது’ என்பதைத்தான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அந்த முறை பணம் போனது போனதுதான்.

இப்போது பேக்கிங் செய்வதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுக்கிறேன். சீரியல் எண்ணைக் கிட்டத்தில் காட்டி, உறையில் போட்டு, டேப் ஒட்டி, முகவரிச் சீட்டையும் எடைத் தராசையும் காட்டும் வரை கேமரா நிற்காது. ரிட்டர்ன் வந்தாலும் அப்படித்தான்: பெட்டியின் ஆறு பக்கத்தையும் காட்டிவிட்டுத்தான் கத்தி வைப்பேன். எடையை மட்டும் நம்பிப் பிரயோஜனமில்லை, அதே மாடலை மாற்றி வைத்தால் எடை அப்படியே இருக்கும். முறையீட்டில் நாலே வரி. அனுப்பிய எண், வந்த எண், ஓடிய நேரம், வீடியோவில் எத்தனையாவது நிமிஷம். ‘திருடன்’, ‘மோசடி’ என்றெல்லாம் எழுதுவதில்லை. படிக்கிறவருக்கு என் ஆத்திரத்தால் ஒரு உபயோகமும் இல்லை.

ஓடிய நேரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2025 ஜனவரியில், பழைய சீகேட் டிஸ்க்குகள் புதுசு என்று விற்கப்பட்ட விவகாரம் ஜெர்மனியில் வெளிவந்தது. அவற்றில், ஓடிய நேரத்தைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்ற பதிவைத் துடைத்து வைத்திருந்தார்கள். சீகேட் டிஸ்க்குகளுக்குள் இருக்கும் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவுதான் உண்மையான நேரத்தைக் காட்டிக்கொடுத்தது. கவனியுங்கள், அங்கே ஏமாந்தது வாங்கியவர்கள்.

அப்புறம், விற்பனையாளர் குழுக்களில் ‘ஏமாற்றுக்காரர்’ என்று போட்டு வாடிக்கையாளரின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் பரப்புகிறார்களே, அதில் எனக்குத் துளியும் சம்மதமில்லை. காரணம் இருக்கிறது. இதற்கு முன் ஒருவர் இதேபோல் வேறு எண்ணுள்ள டிஸ்க்கை அனுப்பினார். நான் சுருக்கென்று தைக்கிற மாதிரி ஒரு மெசேஜ் போட்டேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது, ஒரு படத்தோடு. அவர் மேசையில் என் டிஸ்க் இருந்தது. ஒரே மாடலில் இரண்டு வைத்திருந்தவர், கைமாறி மற்றதை அனுப்பிவிட்டார். மன்னிப்புக் கேட்டு, தன் செலவிலேயே என்னுடையதை அனுப்பி வைத்தார். அவர் முகவரியை நான் எங்காவது போட்டிருந்தால்?

இந்த லேபிள்காரர் விஷயம் இன்னும் முடியவில்லை, முறையீடு நடக்கிறது. அதுவரை அந்தப் பழைய டிஸ்க்கை அப்படியே வைத்திருக்க வேண்டும். ஒருவருடைய மூன்றரை வருஷத்துப் படங்களும் கணக்குகளும் அதற்குள் இருக்கலாம், ஏமாற்றும் அவசரத்தில் அழிக்க மறந்திருக்கலாம். ஒரு ஃபைலைக்கூடத் திறக்கவில்லை. உறையில் போட்டு, மேலே இரண்டு சீரியல் எண்ணையும் பேனாவால் எழுதி, டிராயரில் வைத்திருக்கிறேன்.