ஒபாமாவோட பழைய தொகுதி: ஓட்டுப் போட்டது யாரு?

ஒபாமான்னாலே நம்மாளுங்க 2004 பாஸ்டன் கட்சி மாநாட்டுப் பேச்சுல இருந்துதான் கதைய ஆரம்பிக்கிறாங்க. அதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட எட்டு வருஷம் மனுஷன் இல்லினாய் மாநில செனட்ல (மாநில சட்டமன்றத்தோட மேல்சபை) 13வது தொகுதி மெம்பர். சிகாகோ தெற்குப் பக்கம், ஹைட் பார்க் ஏரியா. கறுப்பின மக்கள் அதிகம், ஒபாமாவோட டெமாக்ரடிக் கட்சிக்குக் கோட்டை, ரிபப்ளிகன் நின்னாலும் சும்மா பேருக்குத்தான். அதனால கட்சி வேட்பாளர் யாருன்னு மக்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ற உட்கட்சித் தேர்தல்ல ஜெயிச்சா முடிஞ்சுது.

1995ல அங்க செனட்டரா இருந்தது ஆலிஸ் பால்மர். நாடாளுமன்ற சீட் ஒண்ணு காலியாக, அதுக்குப் போறேன்னு கிளம்பிட்டாங்க, தன் இடத்துக்கு ஒபாமாவக் கைகாட்டினதும் அவங்கதான். நவம்பர்ல அந்த சீட்டுக்கான உட்கட்சித் தேர்தல்ல ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியர் ஜெயிச்சாரு, இன்னொரு மாநில செனட்டர் எமில் ஜோன்ஸ் ரெண்டாவது, பால்மர் மூணாவது. சரி பழைய சீட்டுக்கே நிக்கிறேன், நீ விலகிக்கோப்பான்னு கேட்டா ஒபாமா முடியாதுன்னுட்டாரு. இதுவரைக்கும் அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன், குடுத்த வாக்க மாத்தினது அந்தம்மா.

ஆனா அடுத்து நடந்ததுதான் மேட்டர். நிக்கணும்னா தொகுதி வாக்காளர்கள் 757 பேர் கையெழுத்து வேணும், பால்மர் அவசர அவசரமா 1,580 வாங்கிக் குடுத்தாங்க, ஒபாமா ஆளுங்க தேர்தல் ஆபீஸ்ல உக்காந்து வாக்காளர் பட்டியலோட ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்து, இவரு தொகுதிக்கு வெளிய, இவரு பேரு லிஸ்ட்லயே இல்ல, இவரு கையெழுத்துப் போடாம பேர அச்செழுத்துல எழுதிட்டாருன்னு அடிச்சு அடிச்சு 757க்குக் கீழ கொண்டுவந்துட்டாங்க. பால்மர் மட்டுமில்ல, மத்த மூணு வேட்பாளருங்களும் இதே மாதிரி அவுட். 1996 மார்ச்ல உட்கட்சித் தேர்தல்ல ஒபாமா ஒத்த ஆளு. சட்டப்படி எல்லாம் சரிதான், ஆனா மக்களுக்கு சாய்ஸே இல்லையே?

அடுத்த கூத்து 2001ல. தொகுதி எல்லை வரையுறதுல ரெண்டு கட்சிக்கும் ஒத்துவரலன்னா யாரு கை ஓங்கும்னு முடிவு பண்ண இல்லினாய்ல கடைசில குலுக்கல்தான். லிங்கன் போடுவாரே அந்த மாதிரி உயரமான தொப்பிக்குள்ள கைய விட்டு ஒரு பேர எடுத்தாங்க (சத்தியமா, நான் கதை விடல), டெமாக்ரட்டுக்கு அடிச்சுது. அதுக்கு முன்னாடியே ஒபாமா கட்சி ஆலோசகரோட கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து தன் தொகுதிய வரைஞ்சு வெச்சிருந்தாரு. மேற்க எங்கிள்வுட் பக்கம் போயிட்டிருந்த தொகுதி, ஏரிக்கரையோரமா வடக்க டவுன்டவுன் தாண்டி கோல்ட் கோஸ்ட் வரைக்கும் நீண்டுடுச்சு. பணக்காரங்க, தேர்தலுக்கு நிதி குடுக்குறவங்க இருக்குற ஏரியா. 2000ல சிட்டிங் எம்.பி. பாபி ரஷ்கிட்ட நாடாளுமன்ற உட்கட்சித் தேர்தல்ல மண்ணைக் கவ்வின ஆளுக்கு இதைவிட நல்ல மருந்து ஏது? அதே வரைபடத்துல 2002ல செனட்டும் கட்சி கைக்கு வந்துச்சு, அந்த எமில் ஜோன்ஸே சபைத் தலைவர். ஆறு வருஷம் எதிர்க்கட்சி பெஞ்சுல இருந்தவருக்கு, கொலைக் கேஸ்ல போலீஸ் விசாரணைய ரெக்கார்ட் பண்ணணும்ங்கற மாதிரி பெரிய மசோதா எல்லாம் அப்புறம்தான் கைக்கு வந்துச்சு. பேச்சுத் திறமை இல்லன்னு யார் சொன்னா, ஆனா அந்தக் கோடு மட்டும் வேற மாதிரி விழுந்திருந்தா?

இன்னொண்ணு கவனிங்க. செனட்டர் நடுவுல போயிட்டா அங்க உடனே இடைத்தேர்தல் கிடையாது, அதே கட்சியோட வார்டு நிர்வாகிங்க கூடி ஆள நியமிப்பாங்க. 1991ல பால்மர் உள்ள வந்ததும் அப்படித்தான், 2004ல ஒபாமாவுக்கு அப்புறம் குவாமே ரவுலும் அப்படித்தான், 2019ல ரவுல் மாநில அட்டர்னி ஜெனரலா (அரசோட தலைமை வக்கீல்) போனதும் வந்த ராபர்ட் பீட்டர்ஸும் அப்படித்தான். இந்த வரிசையில தேர்தல்ல நின்னு உள்ள வந்தது ஒபாமா ஒருத்தர்தான், அதுலயும் உட்கட்சியில எதிர்ல ஆளே இல்ல.